இருபத்தேழாம் எண் படத்தின் குறைகள்

சொரிமுத்து படத்துக்குள் போய் அன்றோடு பதினோரு நாள். போகும்போது ஆவுடையம்மாளிடம், "சாயங்காலம் வந்துருவேன், ரசம் வச்சிரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ரசம் மூன்று நாள் தாங்கியது.

தாமிரபரணிப் பக்கத்து ஊர்களில் ஆட்கள் படமாகிப் போவது ஒன்றும் அதிசயமில்லை. ஓவியர் உட்காரச் சொல்வார். ஆளும் உட்காருவார். நாலைந்து தடவை உட்கார்ந்த பிறகு நாற்காலி காலியாக இருக்கும், கித்தான் நிறைந்திருக்கும். அப்புறம் கண்காட்சி வைப்பார்கள். வீட்டு ஆட்கள் வந்து, படத்தை முறைப்படி ரசித்துவிட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். யாரும் ரசிக்காத படங்களைச் சாக்கில் சுற்றி, லாரியில் ஏற்றி, வடக்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே மூன்று வருஷம் ஊர் ஊராகத் தொங்க வேண்டும்.

அன்றுதான் கண்காட்சிக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்குக் கதவை அடைப்பார்கள். ஆவுடையம்மாள் மாவு மில்லைப் பூட்டிவிட்டு, தலையில் ஒட்டிய கடலை மாவைத் தட்டியும் தட்டாமலும் மூன்று மணிக்கே வந்து நின்றாள்.

இதற்கு முன்னால் நாலு தடவை வந்திருக்கிறாள். முதல் தடவை விண்ணப்பப் பாரம் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை பாரம் இருந்தது, அதைக் கொடுக்கிறவர் இல்லை. மூன்றாம் தடவை இரண்டும் இருந்தன, கட்டடம் இல்லை. நாலாம் தடவை ஞாயிற்றுக்கிழமை.

இன்றைக்கு எல்லாம் இருந்தது. வாசலில் மேசை போட்டு ரசனை மேற்பார்வையாளர் அருமைநாயகம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு டேப், மேசையில் ஒரு முத்திரை.

"நீங்க பார்வையாளரா, ரசிகராம்மா?"

"நான் அவுக பொண்டாட்டி."

"அந்தக் கட்டம் பாரத்துல இல்ல."

"முப்பத்தி நாலு வருசமா இருக்கேன், சார்."

"இருப்பிய. கட்டம் இல்ல."

"அப்ப ரசிகர்னு போடுங்க."

"கண்ணு ரெண்டும் உங்களுதுதானா?"

"வலக்கண்ணுல பொரை எடுத்திருக்கு. லென்ஸு வச்சிருக்காவ."

அருமைநாயகம் 'ஒன்றரை' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே இருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் ஒரு ரேஷன் கடை அளவுதான் இருக்கும். உள்ளே நடை நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் முகங்கள். பத்தாம் எண் படத்தைத் தாண்ட ஒரு நிமிஷம் ஆனது. பதினொன்றாம் எண்ணுக்குப் பத்து நிமிஷம். இருபதைத் தாண்டியதும் ஆவுடையம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ஓரமாக ஒரு பெஞ்சு இருந்தது. உட்காரப் போனாள். அது பெஞ்சின் படம்.

இருபத்தேழாம் எண்ணில் சொரிமுத்து இருந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். படத்துக்குள்ளிருந்தும் நடையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த வண்டி லேட்டு என்கிற மாதிரி.

"ஏட்டி, இப்பந்தான் வாறியா? மில்ல யாரு பாக்கா?"

"பூட்டிட்டு வந்திருக்கேன்."

"பூட்டிட்டா? சனிக்கிழம சாயங்காலம் பூட்டிட்டா? உனக்கென்ன கோட்டியா?"

"பெறகு உங்கள யாரு கூப்புட வருவா? சாப்பிட்டியளா?"

"சாப்பாடு கெடக்கட்டும். எனக்கு இடுப்புக்குக் கீழ வரையல்ல, பாத்தியா. பதினோரு நாளா உக்காரவும் முடியல்ல, நிக்கவும் முடியல்ல."

"சத்தம்," என்றது பக்கத்துப் படம். இருபத்தெட்டாம் எண். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, கண்ணாடி போட்டவர்.

அருமைநாயகம் பின்னாலேயே நோட்டுப் புத்தகமும் முத்திரையுமாக வந்து சேர்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. அவர் வந்த நடை சின்னதாக இருந்திருக்கும்.

"ஏழு அடி தள்ளி நின்னு ரசிக்கணும்மா."

ஆவுடையம்மாள் தள்ளி நின்றாள். அவர் டேப்பை வைத்து அளந்தார். பதினொன்று இருந்தது. நாலு அடி முன்னால் வந்தாள். பதினாறு இருந்தது.

"ஒழுங்கா நிக்கத் தெரியலியே உங்களுக்கு."

"நான் நிக்கேன். சுவரு நிக்க மாட்டேங்குல்லா."

கடைசியில் அவளை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் கத்தரிக்கோலை எடுத்து டேப்பை ஏழு அடிக்கு வெட்டிக்கொண்டார். மணி மூன்றே முக்கால்.

"இப்ப ரசிங்க."

ஆவுடையம்மாள் ரசித்தாள். அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே நின்றாள். இடப்பக்கம் ஒடிந்து இறங்கும் மூக்கு. முறம் மாதிரி இரண்டு காது. வெற்றிலைச் சாறு ஊறிக் கறுத்த கீழுதடு. முன் வழுக்கையில் தனியாக நிற்கும் நாலு மயிர். ஒன்றும் கெடாமல் அப்படியே இருந்தது. பதினோரு நாளாக நெஞ்சுக்குள் ஓடிய மிஷின் நின்ற மாதிரி இருந்தது அவளுக்கு.

"பரவாயில்ல," என்றாள்.

"அந்தக் கட்டம் இல்லம்மா. 'அழகு', 'மிக அழகு', 'பேரழகு', 'சொல்லில் அடங்காது'. நாலே நாலு."

"அந்தக் கடைசிக் கட்டத்துலே போடுங்களேன்."

"அதுக்குச் சொல்லிக் காட்டணும்."

அவர்கள் வீட்டில் 'பரவாயில்ல'தான் உச்சாணிக் கிளை. அதற்கு மேலே வார்த்தை கிடையாது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது. சொரிமுத்து பெண் பார்க்க வந்த அன்று, அவர் போன பிறகு ஆவுடையம்மாளின் தாயார், "மாப்பிள்ளைக்கு மூக்கு கோணல்" என்றாள். அத்தோடு சம்பந்தம் முடிவாகிவிட்டது. மறுநாள் தேங்காய் உடைத்தார்கள்.

ஆகவே அருமைநாயகம், "இன்னுங் கொஞ்சம் விளக்கமா" என்று கேட்டதும், ஆவுடையம்மாள் மனசார, வாய் நிறைய, "மூக்கு கோணல்தான்" என்றாள்.

அருமைநாயகம் எழுதினார். எங்கிருந்தோ ஓவியர் ஒரு ஸ்டூலோடு வந்தார். ஒல்லியான மனிதர். பேசுகிறவர் இல்லை. ஸ்டூலில் ஏறினார், தூரிகையை நனைத்தார், மூக்கை நேராக்கினார், இறங்கினார்.

"ஐயய்யோ, எதுக்கு மாத்துதிய?"

"நீங்கதான கொறை சொன்னிய. புத்தகத்துல ஏறிட்டு. ஏறுனா சரி பண்ணணும்."

"நான் கொறையாச் சொல்லல்ல, சார்."

"பெறகு?"

"ஆசையாச் சொன்னேன்."

அருமைநாயகம் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "கோணல்னுதான் இருக்கு," என்றார்.

"ஏட்டி, என்ன ஆச்சு? மூக்குல குளுகுளுங்கு," என்றார் சொரிமுத்து.

"நேராயிட்டு."

"கெட்டுது போ."

"பழையபடி கோணலாப் போட்டுருங்கய்யா," என்று ஆவுடையம்மாள் ஓவியரிடம் கெஞ்சினாள். ஓவியர் அருமைநாயகத்தைப் பார்த்தார். கோணலாக்குவதற்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை என்று அருமைநாயகம் சொன்னார்.

"என்ன சார் இது! இந்த மூக்குக்கும் அந்த முறக் காதுக்கும் எங்கயாவது..." என்றவள் கையால் வாயைப் பொத்தினாள். ஓவியர் ஏற்கெனவே ஸ்டூலில் இருந்தார். காதுகள் இரண்டும் ஆளுக்கு ஒரு அங்குலம் குறைந்தன.

பொத்திய கையை எடுத்தால் குறைதான் வந்தது. கறுத்த உதடு போயிற்று. முன் வழுக்கையில் சுருள் சுருளாக முடி முளைத்தது. நெற்றியில், சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி அவள் எதுவுமே சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அதுவும் போயிற்று.

"நான் சொல்லவேயில்லையே!"

"பார்வையிலயே கொறை இருந்துச்சும்மா. மணி நாலே கால். ஒரே ஒரு வார்த்தை. 'அழகு'ன்னு சொல்லுங்க. கையெழுத்தைப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க. எதுக்கு இந்தப் பாடு?"

ஆவுடையம்மாள் பொத்திய கையை எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

"சொல்லாதட்டி!" என்று படம் அலறியது.

"சத்தம்," என்றது இருபத்தெட்டு.

அவர்களுடைய முதல் பிள்ளையை, தெருவோடு போன ஒருத்தி எட்டிப் பார்த்து, "ரோஜாப்பூ மாதிரில்லா இருக்கு" என்றாள். எட்டாவது மாதம் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. குழம்பைக்கூடச் சொன்னதில்லை. இரண்டாவது மகன் வேலைக்குப் போய் முதன்முதலாகப் பேண்ட் சட்டை போட்டு வந்து நின்றபோது, சொரிமுத்து, "சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருக்க" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லாட்டா உங்கள வடக்க கொண்டு போயிருவாங்களே," என்றாள் ஆவுடையம்மாள்.

"போனா மூணு வருசத்துல வந்துருவேன். நீ பாட்டுக்குச் சொல்லி, கண்ணு பட்டுப் போச்சுன்னா எங்கட்டி வருவேன்?"



"யாராவது வந்து ஏதாவது சொல்றாங்களே உங்களுக்கு," என்றார் தலைமை ஆசிரியை. "எனக்குக் குறை சொல்லக்கூட ஒருத்தரும் வரலை."

அருமைநாயகம் தொண்டையைக் கனைத்தார்.

"விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்கு. பாக்க வந்தவங்களைப் படம் ரசிச்சாலும் செல்லும்."

"இத மொதல்லயே சொல்லப்படாதா?"

"நீங்க கேக்கலியே."

எதிர்ச் சுவரில் காலிச் சட்டகம் ஒன்று மாட்டியிருந்தது. ஆவுடையம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள் ஏறி நின்றாள். நிற்க இடம் இருந்தது. மூச்சு விட இடம் இல்லை. சொரிமுத்து அவளைப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் அவளை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ரசிங்க, அண்ணாச்சி," என்றார் அருமைநாயகம்.

சொரிமுத்துவின் புது உதடு இரண்டு தடவை அசைந்தது. நல்ல வார்த்தை ஒன்று உள்ளே கிளம்பியது அவளுக்கே தெரிந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

"தலை பூரா மாவு," என்றார்.

ஓவியர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். டர்பன்டைன் நாற்றம் அடித்தது. ஆவுடையம்மாளின் தலையில் ஈரத் துணி ஒன்று போய் வந்தது. மாவு போனது. மாவோடு நரையும் போனது.

"ஐயோ, அவளுக்கு அந்த நரை..." என்றார் சொரிமுத்து.

"நரையும் கொறைதானே?" என்றார் அருமைநாயகம், எழுதிக்கொண்டே.

"வேற ஏதாச்சும் சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் ஆவுடையம்மாள்.

"என்னத்தச் சொல்ல? வாயத் தொறந்தா நல்லதா வரமாட்டேங்குதே. கழுத்தப் பாரு, சுருக்குப் பை மாதிரி..."

கழுத்தில் மூன்று மடிப்பு இருந்தது. குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. மூன்றையும் காணோம். ஆவுடையம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. நாலு நாள் அலைந்தது, பெஞ்சு படமாக இருந்தது, சுவர் நகர்ந்தது எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது.

"உங்க வாய வச்சிக்கிட்டுச் சும்மாதான் இருங்களேன்! நல்லதா ஒண்ணு சொல்லத் துப்பில்ல!"

"உனக்கு மட்டும் இருந்துச்சாக்கும்! எம் மூக்கத் தின்னவ நீதானட்டி! கொரலப் பாரு, மில்லு பெல்ட்டு அறுந்த மாதிரி!"

ஓவியர் இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து அவளுடைய தொண்டையில் ஒரே ஒரு கோடு இழுத்தார். அடுத்து அவள் கத்தியபோது, ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் வந்தது.

"உங்க பேச்சு மட்டும் என்னவாம்! பஸ் ஸ்டாண்டுல நின்னு ஏலம் போடுத மாதிரி!" என்றது அந்தக் குரல், இனிமையாக.

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாம், வேண்டாம், அது கொறையில்ல, எழுதாதிய!" என்றாள். அருமைநாயகம் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டார். ஓவியர் நடையைக் கடந்து, ஸ்டூலில் ஏறி, சொரிமுத்துவின் நாக்கு நுனியில் கொஞ்சம் வெள்ளை வைத்தார்.

மணி ஐந்தாகப் பத்து. ஏட்டி என்று கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"மன்னிக்க வேண்டும்," என்றார் சொரிமுத்து. "நான் தங்களிடம் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேனோ?"

"என்ன பேசுதிய நீங்க?"

"தாங்கள் யாரைத் தேடி வந்தீர்கள்?"

"உங்களத்தான்."

"என்னையா? மகிழ்ச்சி."

"இப்பத்தான் உச்சரிப்பு சுத்தமா இருக்கு," என்றார் தலைமை ஆசிரியை.

சொரிமுத்து அவளை இன்னொரு தடவை பார்த்தார். கோவில் தூணைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழே, நிதானமாக. "தாங்கள் மிகவும் அழகாக இருக்கிறீர்கள்," என்றார். ஒரு தடுமாற்றமும் இல்லை.

அருமைநாயகம் முத்திரையைக் குத்தினார். ஆவுடையம்மாளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. 'தூ, தூ' என்று மூன்று தடவை துப்பப் போனாள். இந்த வாய்க்குத் துப்பத் தெரியவில்லை.

"ஒரு பக்கம் ஆச்சு," என்றார் அருமைநாயகம். "விதி பதினாலுல ரெண்டு பக்கமும் வேணும். நீங்களும் சொல்லணும்."

"அதையும் மொதல்ல சொல்லல்ல."

"அதையும் நீங்க கேக்கல்ல."

ஆவுடையம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். நேரான மூக்கு. அளவான காது. சிவந்த உதடு. ஜவுளிக்கடை வாசலில் வேட்டி விளம்பரத்துக்கு நிறுத்தி வைக்கிற ஆள் மாதிரி யாரோ ஒருத்தர். அவருக்கு வீடு வாசல் இருக்கும். அவருக்கென்று கவலைப்பட யாராவது இருப்பார்கள். கண் பட்டால் அவர்கள் மிளகாய் சுற்றிப் போடட்டும்.

"நீங்களும் ரொம்ப அழகா இருக்கீங்க," என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல அவ்வளவு லேசாக வந்தது. வந்த பிறகுதான் வாயில் கை வைத்தாள்.

இரண்டாவது முத்திரை விழுந்தது. மிச்சமிருந்த நிமிஷங்களில் ஓவியர் அவசரமாகக் கால்களைப் போட்டார். கால்களைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, இருந்தாலும் நல்ல கால்களாகவே போட்டார். சொரிமுத்து சட்டகத்தைத் தாண்டி இறங்கி, அவள் இறங்குவதற்குக் கை கொடுத்தார். கை வழவழவென்று இருந்தது.

சாக்கோடு இரண்டு ஆட்கள் உள்ளே வந்து இருபத்தெட்டாம் எண்ணைக் கழற்றினார்கள். "மெதுவா. வரிசையா," என்றார் தலைமை ஆசிரியை.

திரும்பிப் போகிற நடை நாலே எட்டுதான் இருந்தது. வாசலில் கண்ணாடிக் கதவு. எதிரே நரையில்லாத ஒருத்தி வந்தாள். ஆவுடையம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். அவளும் ஒதுங்கினாள். மரியாதை தெரிந்தவள்தான். யாராவது ஒருத்தர் முதலில் போகட்டும் என்று இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அருமைநாயகம் வந்து கதவைத் தள்ளிவிட்டார்.

"சந்தோசமாப் போயிட்டு வாங்க," என்றார். "ஜோடி ரொம்ப நல்லாயிருக்கு."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"தங்கள் இல்லம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் சொரிமுத்து.

"மார்க்கெட்டுப் பக்கம்."

"அழைத்துச் செல்லுங்கள்."

இத்தனை வருஷமும் அவர் பத்தடி முன்னால் போவார். திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நத்தை மாதிரி வாறியே" என்பார். இப்போது பக்கத்திலேயே நடந்தார். சாக்கடைப் பக்கம் வந்ததும், "கவனம்" என்றார். எதிரே வந்த வண்டிக்கு இவள் ஒதுங்குவதற்கு முன்னால் தான் ஒதுங்கி இடம் விட்டார்.

ஆவுடையம்மாள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். வேட்டிக் கட்டைப் பார்த்தாள். பிடரியைப் பார்த்தாள். நகங்களைப் பார்த்தாள். காலை எடுத்து வைக்கிற விதத்தைப் பார்த்தாள். எங்கேயாவது ஓவியர் கை தவறிப் பழைய குறை ஒன்றை விட்டிருப்பார். ஒன்றே ஒன்று போதும். இந்தத் தடவை அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். தன்னோடு வைத்துக்கொள்வாள்.

"ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?"

"ஒண்ணுமில்ல. நீங்க நடங்க."

மார்க்கெட் வந்தது. மில் வந்தது. அவள் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் ஏதாவது அகப்படும் என்று, வீட்டுத் தெருவைத் தாண்டியும் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.